தாழம்பூ சாட்சி

ஹெட் மாற்றிய பிரின்டரிலிருந்து வெள்ளைத்தாள் வெள்ளையாகவே வெளியே வந்தால், நம் ஆட்கள் உடனே செய்கிற காரியம் 'ஹெட் கிளீனிங்'. ஒரு தடவை, இரண்டு தடவை, அப்புறம் கோபத்தில் பத்து தடவை. மிஷின் சற்று நேரம் கர்புர் என்று உறுமிவிட்டு, மறுபடியும் பால் போன்ற ஒரு தாளை நீட்டும். இங்க் டாங்க்கில் மட்டம் இறங்கினதுதான் மிச்சம்.

இறங்கிய இங்க் எங்கே போயிற்று என்று யோசித்ததுண்டா? யோசித்திருந்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான் ஒரு தம்பி. ஆதார் கலர் காப்பி, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அன்னதான நோட்டீஸ். பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் வருகிற வசூலில்தான் கடை வாடகை, லோன் தவணை எல்லாம். போன மாதம் பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கும்போது போன் செய்தான்.

"ணா, புது ஹெட்டு போட்டாச்சு. நாலாயிரத்து எரநூறு. பேப்பர் வெள்ளையாவே வருது. மெக்கானிக்கு போர்டு போச்சுன்றாரு. பழைய போர்டு மூவாயிரமாம். வாங்கிடட்டுமா?"

பி.காம். படித்தவனுக்கு மிஷின் ரிப்பேரில் என்ன ஜோலி என்பீர்கள். இருக்கிறது. போட்ட பணத்தைக் காப்பாற்றுவதற்காக மேலும் பணம் போடாதே என்பது எங்கள் பாடம்தானே? "எதையும் வாங்காதே. நான் வரும் வரைக்கும் கிளீனிங் பட்டனைத் தொடாதே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

போகிற வழியில் கொஞ்சம் புராணம். அண்ணாமலையாரின் முடியைத் தேடி பிரம்மா அன்னமாகப் பறந்தார். அடியைத் தேடி விஷ்ணு வராகமாகத் தோண்டினார். பிரம்மா முடியைப் பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னார். அதற்குத் தாழம்பூ பொய்ச்சாட்சி சொன்னது. அந்தப் பிரம்மா பிற்பாடு பிரதிஷ்டை செய்ததுதான் அடி அண்ணாமலைக் கோயில் லிங்கம் என்பது ஐதீகம். தம்பியின் கடையில் தாழம்பூ வேலையைப் பார்த்தது கம்ப்யூட்டர். ஒவ்வொரு வெள்ளைத்தாளுக்கும் 'வெற்றிகரமாக அச்சிடப்பட்டது' என்று திரையில் காட்டிக்கொண்டிருந்தது. அதற்கு என்ன தெரியும், பாவம். தாள் உள்ளே போய் வெளியே வந்தால் அதன் கணக்கில் பிரின்ட் ஆனமாதிரிதான்.

இங்க்ஜெட்டில் இரண்டு ரகம். ஒன்று இங்க்கைச் சுடவைத்துக் குமிழி உண்டாக்கித் துப்புவது. 1977-ல் கேனன் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தில் சூடான சால்டரிங் அயர்ன் இங்க் ஊசி மேல் தற்செயலாகப் பட்டு, இங்க் பீச்சியடித்ததில் பிறந்த யோசனை. இன்னொன்று, கரன்ட் கொடுத்தால் நெளிகிற படிகத்தை வைத்து இங்க்கைப் பிதுக்குவது. படிகத்துக்கும் கரன்ட்டுக்கும் உள்ள இந்த உறவை 1880-ல் கண்டறிந்தவர்கள் பியேர் க்யூரி, ஜாக் க்யூரி என்கிற அண்ணன் தம்பி. தம்பியின் மிஷின் (இது நம் ஜெராக்ஸ் தம்பி) பிதுக்கல் ரகம். கம்பெனி பெயர் வேண்டாம்.

பிதுக்குகிற சொட்டு சில பிக்கோலிட்டர்தான். ஒரு பிக்கோலிட்டர் என்றால் லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. துளையோ தலைமுடியைவிட மெல்லியது. அதனால்தான் 'அடைப்பு' என்றவுடன் எல்லோரும் நம்பிவிடுகிறோம். ஆனால் நாலு கலரும் ஒரே நாளில் சேர்ந்து அடைத்துக்கொள்ள அவை என்ன யூனியனா வைத்திருக்கின்றன? ஒரு கலர் மட்டும் வரவில்லை என்றால் இங்க் சமாசாரம். நாலும் சுத்தமாக இல்லை என்றால் பெரும்பாலும் இரண்டே வழி. ஒன்று, புது ஹெட்டுக்குள் இங்க் இன்னும் இறங்கவில்லை. அல்லது ஹெட்டுக்குக் கரன்ட் போகவில்லை.

எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கிளீனிங் செய்யும்போது ஹெட் ஒரு ரப்பர் மூடி மேல் உட்கார்ந்துகொள்கிறது. அடியில் குட்டி பம்ப் ஒன்று இங்க்கை உறிஞ்சி வேஸ்ட்டுக்கு அனுப்புகிறது. இப்படி உறிஞ்ச ஹெட்டுக்குக் கரன்ட் தேவையில்லை. பிரின்ட் அடிக்கத்தான் தேவை. தம்பி புத்திசாலி, வேஸ்ட் குழாயை வெளியே இழுத்து ஒரு குளிர்பான பாட்டிலில் விட்டிருந்தான். (இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பஞ்சு நிரம்பிவிடும். குழாயை வெளியே விட்டாலும் அதற்கொரு கணக்கு ஏறிக்கொண்டுதான் இருக்கும், ஒரு நாள் மிஷின் வேலைநிறுத்தம் செய்துவிடும்.) ஒரே ஒரு கிளீனிங் கொடுத்துக் குழாயைப் பார்த்தோம். நீலம், சிவப்பு, மஞ்சள் என்று கலந்து சொட்டியது. குழாயில் ஒன்றும் வராமலிருந்தால் காற்று அடைத்திருக்கலாம், மூடி சரியாக உட்காராமல் இருக்கலாம், டாங்க் வால்வு திறக்காமல் இருக்கலாம். இங்கே இங்க் ஹெட்டைத் தாண்டி வந்தாகிவிட்டது. ஆக, கரன்ட்தான்.

பிளக்கைப் பிடுங்கினோம். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிப் பத்து நிமிஷம் விடவேண்டும். பவர் சப்ளையில் கரன்ட் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். ஹெட்டின் பட்டைக் கேபிளைக் கழற்றினால், நுனியில் காய்ந்த சிவப்பு இங்க். செருகியதும் லேசாகச் சாய்வு. ஹெட்டுக்குப் போவது சுமார் 40 வோல்ட். ஈரமும் சாய்வுமாக அது பக்கத்துக் கம்பிக்குத் தாவினால் என்ன ஆகும்?

போர்டைக் கழற்றிக்கொண்டு தேரடி வீதிப் பக்கம் ஒரு மொபைல் சர்வீஸ்காரரிடம் போனோம். மீட்டரை வைத்தார். அரிசி சைஸில் ஒரு ஃப்யூஸ், 'பீப்' சத்தமே இல்லை. உடனே மாற்றச் சொன்னான் தம்பி. அவர் மாற்றவில்லை. "ஃப்யூஸ் எதுக்குப் போச்சுன்னு பாக்காம போட்டா இதுவும் போயிடும்பா" என்று ஹெட்டை ஓட்டுகிற இரண்டு டிரான்சிஸ்டர்களையும் சோதித்தார். நல்லவேளை, உயிரோடு இருந்தன. ஹெட்டும் ஷார்ட் இல்லை. அதில் ஷார்ட் இருந்து, மூவாயிரம் கொடுத்துப் பழைய போர்டை மாட்டியிருந்தால், ஜாமீன் போட்டவனும் உள்ளே போன கதைதான். ஹெட் போர்டைக் கொல்லும், போர்டு அடுத்த ஹெட்டைக் கொல்லும்.

"ஃப்யூஸுக்குப் பதிலா ஒரு கம்பி வெச்சு இழுத்துட முடியாதாணா?" என்று தம்பி என் காதில் கேட்டான். சர்வீஸ்காரருக்குக் கேட்டுவிட்டது. "வெக்கலாமே, அடுத்த வாட்டி ஃப்யூஸுக்குப் பதிலா ஹெட்டு எரியும்" என்றார்.

அதே அளவு ஃப்யூஸ், கூலியோடு இருநூற்றைம்பது ரூபாய். கேபிள் புதிது நூற்றிருபது. மாலை நாசில் செக் அடித்ததில் நாலு கலரும் கோடு கோடாக வந்தன. கறுப்பில் மட்டும் இரண்டு இடத்தில் விடுதல், அது ஒரு கிளீனிங்கில் சரியாயிற்று. பௌர்ணமிக்கு ஒரு லாட்ஜ்காரர் கேட்டிருந்த ரூம் வாடகைப் போர்டுதான் முதல் பிரின்ட்.

"கிளீனிங்குல போன இங்க்குக்கு யாருகிட்டணா காசு கேக்கறது?" என்றான் தம்பி. வேஸ்ட் பாட்டிலைக் காட்டினேன். பாதிக்கு மேல் நிரம்பி, எல்லா நிறமும் கலந்து கறுப்பாகக் கிடந்தது. அதற்கு மூடி போட்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.