போன் கைமாறினால் காப்புறுதி செத்துப்போகுமா?



கடந்த பாடசாலை விடுமுறையில் கிளிநொச்சிக்குப் போயிருந்தோம். மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம், பொன்னகர் என்று எந்தக் குடியிருப்புக்குள் நுழைந்தாலும் எங்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "நீங்க எந்தத் தோட்டம்?" 1977 கலவரத்தில் லயத்தை விட்டு உடுத்த துணியோடு வன்னிக்கு ஓடியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். தோட்டத்தில் அக்கா, வன்னியில் தம்பி என்று பிரிந்து வாழும் குடும்பங்கள் நம் சங்கத்தில் எத்தனையோ. பஸ்சில் தேயிலைத்தூள் போகும், நெல்லரிசி வரும். இப்போது போனும் போகிறது. அந்தப் போனைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறோம்.

எங்கள் அங்கத்தவர் ஒருவரின் மகள் கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு போன் வாங்கினாள். "கொஞ்சம் கூடக் கட்டினால் காப்புறுதி இருக்கிறது, உடைந்தாலும் களவுபோனாலும் பயமில்லை" என்று கடையில் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டாள். கடதாசி ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்தமாதிரி எழுத்து. ஒரு வருடத்துக்குப் பிறகு மலையாளபுரத்திலுள்ள தாய்மாமன் மகளுக்கு அந்தப் போனைக் கொடுத்தாள். அவள் உயர்தரம் படிக்கிறாள். கடந்தகால வினாத்தாள், ஆசிரியர் அனுப்பும் குறிப்பு, மாலை வகுப்பு எல்லாம் போனில்தான். தான் ஒரு பழைய போனோடு சமாளித்துக்கொண்டு, புதிய போனுக்கான காப்புறுதிக் கட்டணத்தையும் மாதம் தவறாமல் கட்டிவந்தாள். "மச்சாள் படிக்கட்டும்" என்பது அவள் கணக்கு.

மழையில் ஏ9 வீதியில் சைக்கிள் சறுக்கியது. போனின் திரை நொறுங்கியது. பரீட்சைக்கு ஏழு வாரம். கடைக்குக் கொண்டுபோனால், "இது உங்கள் பெயரில் இல்லையே" என்றார்கள். கொழும்பிலிருந்து பெரியவள் ஒருநாள் லீவு போட்டு, சம்பளத்தை இழந்து வந்தாள். நடந்ததை உள்ளபடி சொன்னாள். உண்மை சொன்னதற்குக் கிடைத்த பதில்: "போனைக் கொடுத்துவிட்டீர்கள். உரிமை மாறிவிட்டது. எங்களுக்கு அறிவிக்கவில்லை. காப்புறுதி செல்லாது." திரை மாற்ற 18,000 ரூபாய் கேட்டார்கள்.

போன் கைமாறிய அன்றே காப்புறுதி செத்துவிட்டது என்றால், அதற்குப் பிறகு மாதாமாதம் எதற்குக் காசு எடுத்தார்கள்? செத்தவனுக்குச் செக்ரோலில் பேர் போட்டால் கங்காணியைப் பிடித்து உள்ளே வைப்பார்கள். செத்த காப்புறுதிக்குக் கட்டணம் வாங்குகிறவனை யார் கேட்பது?

நாங்கள் கேட்கிறோம்.

"போன் என்ன சோறா, இதற்கெல்லாம் சங்கமா?" என்று சிலர் சிரிக்கக்கூடும். அவர்களுக்குக் கணக்குச் சொல்கிறோம். 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு வருடக்கணக்கில் கத்தித்தான் 2021இல் அதைப் பெற்றோம். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. 1,350 ரூபாய்க் கணக்கில் 50,000 ரூபாய் போன் என்பது 37 நாள் கொழுந்து. உடைந்த திரைக்கான 18,000 ரூபாய் 13 நாள் சம்பளத்துக்கும் மேல். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது எங்கள் வகுப்பறை போனுக்குள் போய்விட்டது. ஒரு வீட்டில் ஒரு போனும் மூன்று பிள்ளைகளும் இருந்தால் யார் படிப்பது என்று அடிபட்டதை ஆசிரியர்களாகிய நாங்கள் கண்ணால் கண்டோம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் பாய்ந்தபோது புதுப் போன் எட்டாக்கனியானது. அப்போது நம் சனம் கண்டுபிடித்த வழிதான் கைமாற்றுவது. அண்ணன் பாவித்தது தங்கைக்கு, சித்தப்பா பாவித்தது பெறாமகனுக்கு. உழைக்கிற ஏழைகளின் பொருளாதாரம் அப்படித்தான் நடக்கிறது. அது தெரிந்தும் அதற்கு இடமில்லாத ஒப்பந்தத்தை நமக்கு விற்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். காப்புறுதி என்பது பொருளோடு ஒட்டிக்கொண்டு போகும் முத்திரை அல்ல. அது கம்பனிக்கும் கையெழுத்திட்ட ஆளுக்கும் இடையிலான ஒப்பந்தம். பொருள் அழிந்தால் எவருக்கு நட்டமோ அவருக்குத்தான் இழப்பீடு. கொடுத்துவிட்ட பொருள் உடைந்தால் கொடுத்தவருக்கு நட்டம் இல்லை என்பார்கள். பெற்றவருக்கு நட்டம் உண்டு, ஆனால் அவர் ஒப்பந்தத்தில் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்து உடைவதுதான் நம் போன். உரித்தை மாற்றக் கம்பனியின் சம்மதம் வேண்டும். ஒரு வாகனத்தை விற்றாலும் இதே கதைதான், பழைய உரிமையாளரின் காப்புறுதி தானாகப் புதியவருக்குப் போகாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பாவிக்கக் கொடுப்பது வேறு, உரிமையாகக் கொடுப்பது வேறு. சில ஒப்பந்தங்களில் ஒரே வீட்டில் வாழும் குடும்பத்தவரின் பாவனையும் அடங்கும். சிலவற்றில் அடங்காது. கொழும்பில் இருக்கும் அக்காவும் கிளிநொச்சியில் இருக்கும் மச்சாளும் நமக்கு ஒரே குடும்பம். ஒப்பந்தத்துக்கு அப்படி இல்லை. அங்கே குடும்பம் என்றால் ஒரு விலாசம், ஒரு கூரை. கலவரமும் யுத்தமும் பிழைப்பும் எங்களை நாலு திசைக்கும் எறிந்த பிறகு, ஒரே கூரையின் கீழ் இருந்தால்தான் குடும்பம் என்று எங்களுக்கு வரைவிலக்கணம் சொல்ல இவர்கள் யார்?

காகிதத்தில் பெயர் இல்லாததன் வலியை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம் பாட்டன் பூட்டனை ஒரே நாளில் நாடற்றவர் ஆக்கியது. அதை முழுதாகத் திருத்த 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை இழுபட்டோம். வன்னிக்குப் போனவர்களில் காடுவெட்டிக் கிணறு தோண்டிய காணிக்கு அனுமதிப்பத்திரம் இல்லாமல் கச்சேரிப் படி ஏறி இறங்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. ஒரு போன் அந்த அளவு பெரிய விடயம் அல்ல என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் பழக்கம் ஒன்றுதான்: உழைப்பு நம்முடையது, காசு நம்முடையது, காகிதத்தில் மட்டும் நாம் இல்லை.

கம்பனிக்காரர் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. "யாரும் யாருக்கும் கொடுக்கலாம் என்றால் களவுப் போனுக்கும் இழப்பீடு கேட்பார்களே?" என்பார்கள். மோசடி நடப்பது உண்மை, அதற்குக் காவல் வேண்டும் என்பதும் சரி. ஆனால் ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண் இருக்கிறது. ஆளுக்கு அடையாள அட்டை இருக்கிறது. இன்ன எண்ணுள்ள போன் இன்னாரிடமிருந்து இன்னாருக்கு என்று ஒரு பக்கப் படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டால் மோசடிக்கு எங்கே இடம்? அப்பிள் நிறுவனம் முழுக் காலத்துக்கும் பணம் கட்டி வாங்கிய அப்பிள்கெயார் திட்டத்தைப் புதிய உரிமையாளரின் பெயருக்கு மாற்ற வழி வைத்திருக்கிறது. விலையுயர்ந்த போன் வைத்திருப்பவருக்குச் செய்யக்கூடியதை, துணிக்கடைப் பிள்ளைக்கு ஏன் செய்யமுடியாது?

"வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது உங்கள் பிழை" என்பது அடுத்த வாதம். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழ்ப் பிள்ளையிடம் காசு வாங்கத் தெரிந்த கடைக்கு, தமிழில் ஒரு பக்கம் அச்சடிக்கத் தெரியாதா? விற்கிறவரின் கடமையை வாங்குகிறவரின் தலையில் கட்டுவது இங்கு மட்டும் நடப்பதல்ல. பிரித்தானியாவில் கார்போன் வெயார்ஹவுஸ் என்ற பெரிய போன் கடைக்கு 2019 மார்ச்சில் அங்குள்ள நிதி ஒழுங்குபடுத்தும் அமைப்பு 2 கோடியே 91 இலட்சம் பவுண் தண்டம் விதித்தது. வாடிக்கையாளருக்குத் தேவையா, பொருந்துமா என்று பார்க்கச் சரியாகப் பழக்காமல் விற்பனையாளர்களைக் கொண்டு போன் காப்புறுதியை விற்றதுதான் குற்றம். அங்கே வாங்கியவரைத் திட்டவில்லை, விற்றவரைத் தண்டித்தார்கள்.

வன்னியில் இன்னொரு வகையும் பார்த்தோம். லண்டனிலிருந்து மாமா தன் பழைய போனை அனுப்புகிறார், காப்புறுதிக் கட்டணத்தை அங்கே தொடர்ந்து கட்டுகிறார். பெரும்பாலும் அது வீண் காசு. அத்தகைய ஒப்பந்தங்கள் அந்த நாட்டில் வசிப்பவருக்கானவை, திருத்துவதும் அங்கேதான். போனை அனுப்பினால் அந்தக் காப்புறுதியை நிறுத்திவிட்டு, மிச்சக் காசைப் பிள்ளையின் டியூசனுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

சட்டம் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. போனை உறவுக்குக் கொடுக்குமுன் இவற்றைச் செய்யுங்கள்:

1. கொடுக்குமுன் கம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள். பெயர் மாற்றத்துக்குச் சம்மதம் எழுத்தில் வரட்டும். தொலைபேசியில் "சரி" என்றது சாட்சி ஆகாது.

2. சம்மதிக்க மறுத்தால் காப்புறுதியை அன்றே நிறுத்தி, மீதிக் காலத்துக் கட்டணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பயனில்லாத காப்புறுதிக்கு ஒரு மாதம்கூடக் கட்டாதீர்கள்.

3. *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும். பற்றுச்சீட்டிலும் காப்புறுதிப் பத்திரத்திலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். திருத்தத்துக்குக் கொடுத்து வேறு போன் தந்திருந்தால் எண்ணும் மாறியிருக்கும், அதைப் பத்திரத்தில் திருத்துங்கள். பழைய போன் வாங்குபவர்கள் ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, எண்ணை 1909க்குக் குறுந்தகவலாக அனுப்பிச் சரிபார்க்கலாம்.

4. தவணைக்கு எடுத்த போன் என்றால் கடைசித் தவணை கட்டும்வரை அது முழுக்க உங்களுடையது அல்ல. தவணை ஒப்பந்தத்தையும் பாருங்கள்.

5. உங்கள் கணக்குகளையும் கடவுச்சொல்லையும் நீக்கிவிட்டுக் கொடுங்கள். பூட்டுப் போட்ட போன் பெற்றவருக்கும் உதவாது, திருத்துகிறவருக்கும் உதவாது.

6. பற்றுச்சீட்டு, பெட்டி, பத்திரம் மூன்றும் போனோடு போகட்டும். பிரதி ஒன்றைக் கொடுத்தவர் வைத்திருங்கள். கொடுத்த திகதியை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

7. உடைந்தாலோ களவுபோனாலோ பொய் சொல்லாதீர்கள். "என் கையிலிருந்துதான் விழுந்தது" என்று அக்கா சொல்லி அகப்பட்டால், ஒப்பந்தம் முழுவதையும் தள்ளக் கம்பனிக்கு வழி கிடைக்கும். களவென்றால் உடனே பொலிசில் முறைப்பாடு எழுதுங்கள். ஒப்பந்தத்தில் சொன்ன காலத்துக்குள் கம்பனிக்கும் அறிவியுங்கள்.

மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது. காப்புறுதிக் குறைகேள் அதிகாரி இருக்கிறார். காப்புறுதி என்ற பெயரில் கடை தானே விற்ற 'பாதுகாப்புத் திட்டம்' என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். எழுதித் தருவது எங்கள் வேலை.

இதில் எங்கள் குறையும் உண்டு. சம்பளம், நிலுவை, சேமலாப நிதி என்று பேசிய நாங்கள், அந்தச் சம்பளம் கடை மேசையில் எப்படிக் கழன்று போகிறது என்று பார்க்கவில்லை. பாடசாலையில் விண்ணப்பம் நிரப்பப் பழக்கிய நாங்கள், ஒப்பந்தம் வாசிக்கப் பழக்கவில்லை. இனி அதையும் செய்வோம்.

எங்கள் கோரிக்கை நான்கு. காப்புறுதி ஒப்பந்தத்தின் சுருக்கம் தமிழில் வாங்கும்போதே கையில் தரப்படவேண்டும். உறவினருக்கு மாற்றும் ஒரு பக்கப் படிவம் எல்லாக் கடைகளிலும் இருக்கவேண்டும். குடும்பம் என்பதற்கு ஒரே கூரை என்ற நிபந்தனை நீக்கப்படவேண்டும். உரிமை மாறியதால் செல்லாது என்று மறுத்தால், மாறிய நாளிலிருந்து வாங்கிய கட்டணம் முழுவதும் திருப்பித் தரப்படவேண்டும்.

மலையாளபுரத்துப் பிள்ளை இப்போது பக்கத்து வீட்டுப் போனில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு படிக்கிறாள். அந்த வீட்டார் நித்திரைக்குப் போன பிறகுதான் போன் கிடைக்கும். அவளுடைய மச்சாள் கட்டிய காசைத் திருப்பிக் கேட்கும் கடிதத்தை எழுதி, பதிவுத் தபாலில் போட்டுவிட்டோம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த இதழில் எழுதுவோம். இதே கதை உங்கள் வீட்டிலும் நடந்திருந்தால் பத்திரத்தின் பிரதியோடு வாருங்கள். ஒரு கடிதத்தைக் குப்பையில் போடுவார்கள். நூறு கடிதத்தைப் போடக் கூடை போதாது.