பூட்டானுக்கு முதல் பயணமா? இடங்களைக் குறையுங்கள், இரவுகளைக் குறைக்காதீர்கள்

'நாலு நாள்தான் லீவு. திம்பு, புனாகா, பாரோ, ஹா, பும்தாங் எல்லாத்தையும் முடிச்சிடலாமா?' பூட்டான் பேச்சு எழுந்தாலே நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் விழும் கேள்வி இதுதான். முடிக்கலாம். ஆனால், முக்கால்வாசி நேரம் காரின் பின்சீட்டில் கழியும். திம்புவிலிருந்து பும்தாங் போக மட்டுமே கிட்டத்தட்ட ஒரு முழுப் பகல் மலைச்சாலையில் போய்விடும்.

முதல்முறை போகிறவர்களுக்கு என் கருத்து இதுதான்: மூன்று ஊர், ஆறு இரவு. அதற்கு மேல் ஊர்களைச் சேர்க்காதீர்கள். அதற்குக் கீழே இரவுகளை வெட்டாதீர்கள்.

கட்டணம்தான் அவசரப்படுத்துகிறதா?

இந்தியர்களுக்கு பூட்டான் செல்ல விசா தேவையில்லை, அனுமதிச் சீட்டு போதும். ஆனால், ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் 'நிலைத்த வளர்ச்சிக் கட்டணம்' உண்டு. 6 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பாதி, அதற்கும் சின்னக் குழந்தைகளுக்கு இலவசம். 2020க்கு முன் இந்தியர்களுக்கு இந்தக் கட்டணமே கிடையாது. அதனால்தான், 'மூணு நாள்ல சுத்திட்டு வந்துடுவோம், காசு மிச்சம்' என்ற எண்ணம் வருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று இரவுக்கு 3,600 ரூபாய், ஆறு இரவுக்கு 7,200 ரூபாய். புதுக்கோட்டையிலிருந்து பூட்டான் எல்லை வரை போய்வரும் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான். இவ்வளவு தூரம் போய்விட்டு, 3,600 ரூபாயும் மூன்று நாள் அறை வாடகையும் மிச்சம் என்று பாதியில் திரும்புவதுதான் உண்மையில் வீண் செலவு.

இந்தப் பணத்தை ஏன் கேட்கிறார்கள்?

2011 கணக்கெடுப்புப்படி நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள்தொகை 16 லட்சத்துக்கும் மேல். பூட்டான் நாடு முழுக்கவே சுமார் 8 லட்சம் பேர்தான். பரப்பளவிலோ நம் மாவட்டத்தைப் போல எட்டு மடங்கு. நிலப்பரப்பில் குறைந்தது 60 சதவீதம் என்றைக்கும் காடாக இருக்க வேண்டும் என்று அந்நாட்டின் 2008ஆம் ஆண்டு அரசியல் சாசனமே சொல்கிறது. அவ்வளவு சின்ன நாட்டுக்குள் அளவில்லாமல் வண்டிகளை விட்டால் என்ன ஆகும்?

பதில் நமக்கே தெரியும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கூட்டம் தாங்காமல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. நாம் தாமதமாகப் போட்ட பூட்டை பூட்டான் முன்பே போட்டுவிட்டது. இந்தக் கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமை என்பதை மறுக்கவில்லை. பட்ஜெட் இடிக்கிறது என்றால் ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். அவசரமாக அரைகுறையாகப் போவதைவிட அது மேல்.

ஒரு வார லீவில் எப்படி?

வெள்ளி இரவு ரயிலில் சென்னை. சனிக்கிழமை நேரடியாகவோ கொல்கத்தா வழியாகவோ பாக்டோக்ராவுக்கு விமானம். அங்கிருந்து சாலையில் சுமார் நான்கு மணி நேரத்தில் எல்லையில் உள்ள ஜெய்கான். அன்றிரவு இந்தியப் பக்கத்திலேயே தங்கல். ஞாயிறன்று புன்ட்ஷோலிங் வழியாக திம்பு.

ஞாயிறு, திங்கள் திம்பு. செவ்வாய், புதன் புனாகா. வியாழன், வெள்ளி பாரோ. சனிக்கிழமை ஒருநாள் மட்டும் நீண்ட சாலைப் பயணம். ஞாயிறு விமானம். ஆபீஸுக்கு ஐந்து நாள் லீவு போதும். அதுவும் கிடைக்காதா? புனாகாவை விட்டுவிடுங்கள், மற்ற இரண்டு ஊர் போதும்.

கொல்கத்தாவிலிருந்தோ டெல்லியிலிருந்தோ பாரோவுக்கே விமானத்தில் போகலாம். நேரம் மிச்சமாகும், செலவு கூடும். மலைகளுக்கு நடுவே உள்ள அந்த விமான நிலையத்தில் வானிலை கெட்டால் விமானம் தாமதமாகும். அதனால், அடுத்த விமானத்தை ஒட்டி ஒட்டி புக் செய்யாதீர்கள்.

உடம்புக்கும் நேரம் கொடுங்கள்

புதுக்கோட்டை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம்தான். திம்பு 2,300 மீட்டருக்கும் மேல். வழியில் வரும் டோச்சு லா கணவாய் சுமார் 3,100 மீட்டர். முதல் நாளே ஓடியாடினால் தலைவலி, மூச்சுவாங்கல் வரலாம். நிறையத் தண்ணீர் குடியுங்கள், சீக்கிரம் தூங்குங்கள். அப்பா, அம்மாவை அழைத்துப் போகிறீர்களா? ரத்த அழுத்தம், இதய நோய் இருந்தால் டிக்கெட் போடுவதற்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

பாறை விளிம்பில் தொங்குவதுபோல் நிற்கும் தக்சாங் மடத்தைக் கடைசி நாளுக்கு வையுங்கள். 1692இல் கட்டப்பட்டு, 1998 தீவிபத்துக்குப் பின் மறுபடி எழுப்பப்பட்டது. ஏறி இறங்க அரை நாளுக்கு மேல் ஆகும். பாதி வழி வரை குதிரை கிடைக்கும், இறங்குவது நடைதான். போவதற்கு முந்தைய மாதத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள் நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சரம் வரை ஏறி இறங்குங்கள். உயரம் ஒப்பிடவே முடியாது, ஆனால் முழங்கால் என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

மெதுவாகப் பார்ப்பதில் என்ன லாபம்?

சித்தன்னவாசல் அறிவர் கோயிலுக்குள் நுழைந்ததும் விதானம் மங்கலாகத்தான் தெரியும். கண் பழகும் வரை நின்றால்தான் தாமரைக் குளமும் மீனும் யானையும் பூப்பறிப்பவர்களும் ஒவ்வொன்றாகத் தெரிவார்கள். 'அவ்வளவுதானா' என்று இரண்டு நிமிடத்தில் வெளியேறுபவர்களுக்கு அது வெறும் அழிந்த ஓவியம்.

பூட்டானின் கோட்டை மடங்களும் அப்படித்தான். 17ஆம் நூற்றாண்டில் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் எழுந்த புனாகா கோட்டையை அரை மணி நேரத்தில் சுற்றி வரலாம். ஒரு பகல் அங்கேயே இருந்தால், வழிபாடும் அலுவலகமும் ஒரே மதிலுக்குள் நடப்பதைப் பார்க்கலாம். சன்னிதிக்குள் போட்டோ எடுக்க அனுமதியில்லை. ரீல்ஸுக்கு நஷ்டம், கண்ணுக்கு லாபம்.

கிளம்பும் முன்

* கையில் பாஸ்போர்ட் அல்லது ஒரிஜினல் வாக்காளர் அட்டை இருக்க வேண்டும். ஆதார் செல்லாது. குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ்.
* இனிஷியல், பெயர் எழுத்துகள் டிக்கெட்டிலும் அடையாள அட்டையிலும் ஒன்றாக இருக்கட்டும்.
* மார்ச் முதல் மே, செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை நல்ல காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை, மண்சரிவு.
* நம் ரூபாயும் அவர்களின் நுல்ட்ரமும் ஒரே மதிப்பு. 2021 முதல் அங்கே யுபிஐ வசதி உண்டு. எல்லாக் கடையிலும் எதிர்பார்க்காமல் ரொக்கமும் வைத்திருங்கள்.
* கோட்டை மடங்களுக்குள் முழுக்கை, முழுக்கால் உடை. தொப்பியைக் கழற்ற வேண்டும்.
* 'எமா தட்ஷி' என்றால் மிளகாயும் பாலாடைக்கட்டியும். மிளகாய்தான் அங்கே காய்கறி. நம்மூர்க் காரத்துக்குப் பழகியவர்களும் முதல் தட்டைக் கொஞ்சமாகவே கேளுங்கள்.
* கட்டணமும் விதிகளும் மாறக்கூடியவை. பணம் கட்டுவதற்கு முன் பூட்டான் அரசின் சுற்றுலாத் துறை தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

டிராவல் ஏஜென்சி 'ஆறு நாளில் ஒன்பது இடம்' என்று பட்டியல் நீட்டினால், எந்த மூன்றை எடுக்கலாம் என்று கேளுங்கள். மீதி ஆறும் அடுத்த முறைக்கு இருக்கட்டும்.