அண்ணன் பாரிஸ்ல, தங்கச்சி திண்டிவனத்துல: 'கூடப்பிறந்தவங்க' என்பது விசாவில் எடுபடுமா?

"டிக்கெட் நான் போடுறேன், நீ கிளம்பி வா. ஊரெல்லாம் சுத்திக் காட்டுறேன்." வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ அக்காவோ வீடியோ காலில் அடிக்கடி சொல்வது இது. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் பல வீடுகளில் அந்த 'ஊர்' பிரான்ஸ்தான். காரணம், பக்கத்திலேயே இருக்கும் புதுச்சேரி. 1962 ஆகஸ்டில் அது சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, அங்கே பிறந்தவர்களுக்கு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அப்படிப் போன குடும்பங்களோடு கொண்டான் கொடுத்தான் உறவு வானூர், கண்டமங்கலம் தாண்டி இந்தப் பக்கமும் உண்டு.

அழைப்பு வந்த பிறகுதான் சிக்கலே. நம்ம வீட்டில் அண்ணன் தங்கச்சிக்கு மேல் என்ன உறவு இருக்கு? ஆனால் விசா விதிகளில் அந்த உறவுக்கு மதிப்பு ரொம்பக் குறைவு.

யார்தான் 'குடும்பம்'?

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரின் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோருக்கு விசாவில் சலுகை உண்டு. தங்கச்சிக்கு இல்லை. அவர் முன்பின் தெரியாத டூரிஸ்ட் மாதிரியே 90 யூரோ, ஏறக்குறைய 9,000 ரூபாய், கட்டி வரிசையில் நிற்க வேண்டியதுதான். இது பிரான்ஸ் கதை மட்டுமல்ல. கனடாவின் 'சூப்பர் விசா' பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும்தான். ஐக்கிய அரபு அமீரகத்தில் அப்பா அம்மாவைக் கூப்பிட மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் போதும். கூடப்பிறந்தவர் என்றால் 8,000. மலேசியாவில் அண்ணன் இருந்தால் தப்பித்தீர்கள். 2026 டிசம்பர் 31 வரை இந்தியர்களுக்கு 30 நாள் விசாவே தேவையில்லை.

அண்ணன் என்ன செய்யணும்?

வீட்டில் தங்க வைப்பதாக இருந்தால், அவர் தன் ஊர் நகராட்சிக்கு நேரில் போய் 'அத்தெஸ்தாசியோன் தக்கெய்' என்ற விருந்தினர் சான்றிதழ் வாங்க வேண்டும். 30 யூரோ ஸ்டாம்ப். மனு நிராகரிக்கப்பட்டாலும் காசு திரும்ப வராது. வீட்டின் அளவு, வருமானம் எல்லாம் காட்டணும். வந்தவரால் முடியாவிட்டால் செலவை நானே ஏற்கிறேன் என்று கையெழுத்தும் போடணும். இதன் ஒரிஜினல் திண்டிவனம் வந்து சேர வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ செல்லாது.

இதில் ஒரு லாபமும் இருக்கிறது. ஓட்டலில் தங்கினால் நாளுக்கு 65 யூரோ கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். இந்தச் சான்றிதழ் இருந்தால் 32.50 போதும். இது தவிர 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

அப்போ எங்கே மாட்டுது?

"அண்ணன் எல்லாம் பார்த்துப்பார்" என்ற அந்த ஒரு வரியில்தான். அண்ணனால் சோறு போட முடியுமா என்பதை நகராட்சியே பார்த்துவிட்டது. விசா அதிகாரி கேட்பது வேற: இந்தப் பொண்ணு திரும்பி வருமா? அதற்கான பதில் பாரிஸில் கிடையாது, திண்டிவனத்தில்தான் இருக்கிறது. வேலை, லீவ் லெட்டர், சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, மாதாமாதம் பணம் வந்து போகும் பேங்க் அக்கவுன்ட். விண்ணப்பிக்க ஒரு வாரம் முன்பு அண்ணன் திடீரென்று மூணு லட்சம் போட்டு விடுவது உதவாது. சொல்லப்போனால் சந்தேகத்தைத்தான் கிளப்பும். நிலம் இருந்தால் பட்டா, சிட்டா வைக்கலாம். மொழிபெயர்ப்போடு வைங்க, தமிழில் மட்டும் இருந்தால் யார் படிப்பது?

கல்யாணம் ஆகாத, இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த இருபது சொச்சம் வயதுக்காரர்களுக்கு இந்த இடம்தான் கஷ்டம். 2024-ல் இந்தியாவிலிருந்து போன சுமார் 11 லட்சம் ஷெங்கன் விண்ணப்பங்களில் 1.65 லட்சம் நிராகரிக்கப்பட்டன. அதனால்தான் விசா கைக்கு வரும் முன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள் என்கிறோம். ரிசர்வேஷன் போதும்.

நம்ம ஊருக்கே உரிய இன்னொரு தொல்லை, இனிஷியல். அண்ணன் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், கல்யாணமான தங்கச்சி பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். குடும்பப் பெயரை வைத்துப் பழகிய ஓர் அதிகாரிக்கு இவர்கள் இரண்டு தனித்தனி ஆட்கள். அப்பா அம்மா பெயர் ஒரே மாதிரி எழுதிய இருவரின் பிறப்புச் சான்றிதழ்களும்தான் இதற்குத் தீர்வு. 'முருகேசன்' ஒன்றில் ஒரு எழுத்து மாறியிருந்தால் இப்போதே திருத்தி வைங்க.

நாள் கணக்கு

விண்ணப்ப மையம் புதுச்சேரியிலேயே இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து மனு போடலாம். முடிவு வர பொதுவாக 15 நாள், சில நேரம் 45. நிராகரித்தால் காரணம் எழுத்தில் வரும். 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

விசா ஸ்டிக்கரில் தேதி வேறு, தங்கும் நாள் வேறு. தேதி 40 நாள் இருந்தாலும் 'நாட்கள்' கட்டத்தில் 25 என்றால் 25 தான். முன்பு பாஸ்போர்ட் முத்திரையை வைத்து எண்ணினார்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் படிப்படியாக வந்த புதிய முறையில் கம்ப்யூட்டரே எண்ணுகிறது. அண்ணன் பையன் பிறந்தநாளுக்காக ரெண்டு நாள் கூட இருந்தாலும் பதிவாகிவிடும். அடுத்த விசாவுக்கு அது தடையாகலாம்.

இந்த விசாவில் சுவிட்சர்லாந்து, இத்தாலி உட்பட 29 நாடுகளைச் சுற்றலாம். பாரிஸிலிருந்து ரயிலில் ரெண்டரை மணி நேரத்துக்குள் இருக்கும் லண்டன் மட்டும் இதில் வராது. அதற்குத் தனி விசா.

விருந்தினர் சான்றிதழை பாரிஸ் ஏர்போர்ட் இமிகிரேஷனிலும் கேட்பார்கள். செக்-இன் பெட்டியில் போட்டுவிடாமல் கைப்பையில் வைங்க. நெய்யும் பால்கோவாவும் எந்தப் பையிலும் வேண்டாம், வெளியிலிருந்து பால் பொருட்கள் கொண்டுவர ஐரோப்பாவில் அனுமதி இல்லை. முறுக்கு போகலாம்.