கடைசி வாங்கில் இருந்தவன்

உயர்தர வகுப்பிலே பௌதிகவியல் கற்பிக்கும் எனக்குக் கரும்பலகையும் வெண்கட்டியுமே நெடுங்காலத் துணை. அண்மையிலே ‘மின்காந்தத் தூண்டல்’ என்னும் பாடத்தைத் திரையிலே காட்ட விரும்பி, இரண்டு இரவுகள் கண்விழித்துப் படவில்லைகள் ஆக்கினேன். பாடம் நடந்துகொண்டிருக்கையில், கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் திரையைப் பாராது, அயலவனின் கொப்பியைப் பார்த்து எழுதக் கண்டேன். சினந்து வினவினேன். “சேர், திரையில் உள்ளது எனக்குத் தெரியவில்லை” என்றான். நடந்துபோய் அவன் அருகே நின்று நோக்கினேன். எனக்கும் தெரியவில்லை!

குற்றம் புரொஜெக்டருடையது அன்று, என்னுடையதே. நான் கையாண்டது பீமர் என்னும் மென்பொருட் பொதி. நேயர்களிற் பலருக்கு இப்பெயர் புதிதாகலாம். 1977 இல், தமது நூலொன்றின் இரண்டாம் பாகத்துக்கு வந்த அச்சுப்படியைக் கண்டு மனம் நொந்த அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கனூத், கணித நூல்களை அழகுறக் கோப்பதற்கென டெக் என்னும் முறையை ஆக்கினார். லெஸ்லி லாம்போட் அதனை எளிதாக்கி லாடெக்கை அமைத்தார். பின்னர் 2003 இல், தமது கலாநிதிப் பட்ட ஆய்வை அவையிலே விளக்குதற்பொருட்டு டில் தன்தாவ் ஆக்கியதே பீமர். ஜெர்மானியர் புரொஜெக்டருக்கு வழங்கும் பெயரும் அதுவே. இங்கே பெட்டிகளைச் சுட்டியால் இழுத்து நகர்த்தும் வேலை இல்லை. வேண்டியதைக் கட்டளையாக எழுதிக் கொடுத்தால், கணினி பக்கத்தைக் கோத்துத் தரும்.

பீமரின் பக்கம் மிகச் சிறியது: அகலம் 128 மில்லிமீற்றர், உயரம் 96 மில்லிமீற்றர். எழுத்தின் அளவோ 11 புள்ளி. அஃதாவது ஏறக்குறைய 4 மில்லிமீற்றர். ஒன்றரை மீற்றர் உயரமான திரையிலே இப்பக்கம் விரியும்போது அவ்வெழுத்து 6 சென்ரிமீற்றராக வளரும். பக்கத்தைச் சிறிதாக வைத்ததன் சூட்சுமம் இதுவே. இதனை அறியாத நான், ஒரு படவில்லையில் 130 சொற்களைத் திணித்தேன். அவை அடங்காதபோது, ‘ஷ்ரிங்க்’ என்னும் ஒரு சொல்லைச் சேர்த்தேன். உடனே எல்லாம் சுருங்கி அடங்கிற்று. எழுத்தும் பாதியாயிற்று. அச்சொல்லைப் பயன்படுத்துவது தீது என்று பீமரின் கையேடே கடிந்துரைக்கின்றது. ஒரு படவில்லைக்கு 20 முதல் 40 சொற்கள் போதும் என்றும் கூறுகின்றது. கையேட்டைப் பிந்திப் படிப்பது ஆசிரியர்க்கும் உள்ள குணந்தான்.

அன்றிரவு சொற்களைக் குறைத்தபின், பக்க அமைப்பைத் திருத்தப் புகுந்தேன். நான் தேர்ந்திருந்தது ‘பேர்லின்’ என்னும் கோலம். பீமரின் கோலங்கள் பல நகரங்களின் பெயரையே தாங்குவன. மேலே பாடப்பிரிவுகளின் வரிசை, அதன்கீழ்ச் சிறு வட்டங்கள், அடியிலே என் பெயரும் தலைப்பும். நாள்தோறும் என்னைக் காணும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு படவில்லையிலும் என் பெயரை அறிவிப்பானேன்? அக்கோலத்தை நீக்கினேன். மூலையிலே கிடந்த அம்புக்குறிகளையும் ஒரு வரியால் அகற்றினேன். அடியில் இலக்கம் மாத்திரம் நிற்க விட்டேன். “ஏழாவதை மறுபடி காட்டுங்கள், சேர்” என்று கேட்பதற்கு அது வேண்டும். இருபுறமும் 1 சென்ரிமீற்றராக இருந்த ஓரத்தை 6 மில்லிமீற்றர் ஆக்கினேன். பீமர் வரிகளைப் பக்கத்தின் நடுவிலே நிறுத்தும் வழக்கமுடையது. அதனால் வரிகள் தொடங்கும் இடம் படவில்லைக்குப் படவில்லை மாறும். ‘ட்டி’ என்னும் ஓரெழுத்தைக் கோப்பின் முதல் வரியிலே சேர்க்கவே, எல்லாம் தலைப்பின் கீழிருந்து தொடங்கின. இவை யாவும் கோப்பின் தலைப்பகுதியில் ஒருமுறை எழுதப்படுவன. முப்பது படவில்லைகளும் ஒருங்கே கீழ்ப்படியும்.

தமிழ் எழுத்து வேறொரு சங்கடம் தந்தது. பழைய லாடெக்கை விட்டு, யூனிக்கோடு எழுத்துருக்களை நேரே ஏற்கும் லுவாலாடெக்கை நாடினேன். அப்பொழுதும் ‘கீ’ யின் மேற்சுழியும் ‘கூ’ வின் கீழ்வளைவும் அடுத்தடுத்த வரிகளிலே முட்டி நின்றன. வரியிடைவெளியை ஐந்திலொரு பங்கு கூட்டிய பின்னரே தணிந்தன. வலப்புறத்தை நேராக்க முயன்று தோற்றதையும் சொல்லிவிடுகிறேன். நம்முடைய சொற்கள் நீளமானவை. குறுகிய பக்கத்தில் வரியை இழுத்து நேராக்கினால், இரு சொற்களுக்கிடையே மாட்டுவண்டி போகலாம். பீமர் இயல்பாகவே வலப்புறத்தை ஒழுங்கின்றி விடுகின்றது, அதுவே நன்று.

மறுவாரம் அதே பாடத்தைத் திரும்பவும் காட்டினேன். மாணவனை முன்னுக்கு வரும்படி நான் அழைக்கவில்லை. அவன் அதே வாங்கில் இருந்தான். இம்முறை திரையைப் பார்த்தே எழுதினான். நான்காவது படவில்லை வந்ததும் கையை உயர்த்தினான்.

“சேர், லென்சின் விதியிலே சய அடையாளம் விடுபட்டிருக்கிறது.”

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். முதல்வாரம் முழுவதும் அது அப்படியேதான் கிடந்திருக்கிறது. வகுப்பின் முன்னிலையிலேயே கோப்பைத் திறந்து, அந்தச் சிறு கோட்டை இட்டுக் கணினியை மறுபடி கோக்கச் செய்தேன்.