'செக் பண்ணியாச்சு' என்றால் என்ன செய்தீர்கள்?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை மழை விடாமல் பெய்த இரண்டாம் நாள், எங்கள் பாடசாலைக்குப் பிள்ளைகள் வருகிற ஒரு தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் வெடிப்பு விட்டிருந்தது. சொல்ல வேண்டியவர்களுக்குச் சொன்னார்கள். ஒருவர் வந்தார், போனார். பின்னேரம் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: "சேர், செக் பண்ணிட்டாங்களாம். பயமில்லயாம்."

என்ன செய்தார் என்று கேட்டேன். மேட்டில் ஏறினாரா? வெடிப்பை அளந்தாரா? யாருக்காவது எழுதினாரா? ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சொன்னது: "ரோட்டுல நின்னு போன்ல ஒரு படம் எடுத்தாங்க சேர்."

அந்த ஒரு படத்துக்குத்தான் 'செக்' என்று பெயர். அதை நம்பி அன்றிரவு லயத்தில் கைக்குழந்தைகளோடு படுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் 2016 மே மாதம் அரநாயக்க சாமசர மலை சரிந்ததையும், அதே மழையில் புளத்கொஹுபிட்டிய பக்கம் தோட்ட லயம் மண்ணுக்குள் போனதையும் கேகாலையில் யார் மறந்தார்?

நான் இங்கிலிஷ் படிப்பிக்கிறவன். அந்தச் சொல்லோடு எனக்குப் பகையில்லை. பாரசீகத்தில் அரசனைக் குறிக்கும் 'ஷாஹ்'தான் சதுரங்கப் பலகையோடு பயணம் செய்து, பிரெஞ்சுக்காரர் வாயில் உருமாறி, இங்கிலிஷில் 'செக்' ஆனது. ராஜாவுக்கு ஆபத்து என்ற எச்சரிக்கை அது. அதிலிருந்து 'தடு, நிறுத்து' என்ற பொருள் பிறந்தது. 'சரிபார்' பிறகு வந்ததுதான். கட்டம் போட்ட செக் சேர்ட்டும் பேங்க் செக்கும் இதே குடும்பம். மதில் வெள்ளத்தைத் தடுத்தது என்பதற்கும் இங்கிலிஷில் இந்த வினையை எழுதலாம். அந்த வசனத்தை வகுப்பில் கொடுத்தேன். பாதிப் பேருக்கு மேல் 'மதில் வெள்ளத்தை செக் பண்ணியது' என்று எழுதியிருந்தார்கள். முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் ஊரே அப்படித்தான் பேசுகிறது.

இங்கிலிஷ்காரனுக்கே இதற்குப் பக்கத்தில் எத்தனை சொற்கள்! நேரில் போய்ப் பார்த்தால் இன்ஸ்பெக்ட். டொக்டர் நோயாளியைப் பார்த்தால் எக்ஸாமின். சொன்னது உண்மையா என்று ஆதாரத்தோடு பார்த்தால் வெரிஃபை. செய்து பார்த்தால் டெஸ்ட். நாம்தான் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டிக் கட்டிவிட்டோம்.

வாப்பா இரத்தினபுரியில் கல் தரகு பார்த்தவர். அவர் கல்லை 'செக்' பண்ணி நான் கண்டதில்லை. வெயிலில் பிடித்துப் பார்ப்பார். டோர்ச் அடித்து உள்ளே கீறல் பார்ப்பார். நிறுத்துப் பார்ப்பார். இன்னொரு கல்லோடு நிறம் ஒத்துப் பார்ப்பார். சந்தேகமென்றால் மூத்த ஒருவரிடம் காட்டிக் கேட்பார். எதைச் செய்யவில்லை என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்கும். உம்மாவும் அப்படித்தான், சோற்றுக்குப் பதம், ஆணத்துக்கு உப்பு.

இப்போது கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு வாருங்கள். தராசு காட்டியது எத்தனை கிலோ, சாக்குக்குக் கழித்தது எவ்வளவு, ஈரத்துக்குக் கழித்தது எவ்வளவு, கடைசியில் எழுதியது எவ்வளவு? நான்கும் வேறு வேறு கேள்வி. ஒரு அக்கா வாய் திறந்து கேட்டால் வருகிற பதில் ஒன்றே ஒன்று: "செக் பண்ணித்தான் போட்டிருக்கு." அந்தச் சொல்லுக்குள்ளே முழுப்பேர் அரைப்பேராகிவிடும். ரப்பர் பால் வெட்டுகிற அண்ணன்மாரும் இதைக் கவனியுங்கள். பாலில் மெட்ரோலாக்கை விட்டுப் பார்க்கும்போது அது காட்டுகிற எண்ணை நீங்களும் குனிந்து பாருங்கள்.

'சேர் தனித்தமிழ் பேச வந்துட்டார்' என்று கமென்ட் போடப் போகிறவர்களுக்கு: பிரட்டும் செக்ரோலும் எங்கள் சொல்தான், யாரும் எடுத்துவிட வேண்டாம். செக்ரோல் எங்கே என்றால் ஒரு புத்தகத்தைக் கை காட்டலாம். பேர் விழுந்ததா இல்லையா என்று அதில் பார்க்கலாம். 'செக் பண்ணியாச்சு'க்குக் கை காட்ட என்ன இருக்கிறது? கந்தோரில் சிங்களத்திலும் "செக் கரலா கியன்னங்" என்றுதான் அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு மொழியும் இவ்வளவு ஒற்றுமையாக இருக்கிற இடம் வேறு இல்லை!

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் விழிப்பாக இரு. செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாகு. சிவப்பு என்றால் வெளியேறு. நிறத்துக்கு ஒரு வினை, கேட்டவனுக்குக் கால் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தெரியும். சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வருகிற ஊற்று, இறுகிப்போன கதவு, இவற்றைப் பார்க்க நீங்களே போதும். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள்.

நானும் சுத்தமில்லை. கொப்பிக் கட்டை எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பேனையால் சரி போட்டு, 'செக் பண்ணிட்டேன்' என்று திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ஒருநாள் ஒரு பிள்ளை வந்து, "சேர், இது பிழைதானே, சரி போட்டிருக்கீங்க" என்றாள். வெட்கமாகிவிட்டது. இப்போது வாசித்தால் மட்டும் கையெழுத்து வைக்கிறேன். வாசிக்காவிட்டால் கொப்பி மேசையிலேயே கிடக்கும்.

அந்த மேட்டு விஷயம்: நேற்று மழை விட்டு வெளிச்சமாக இருந்தபோது, லயத்து இளைஞர்கள் இருவர் வெடிப்பின் இரண்டு கரையிலும் முளை அடித்து இடைவெளியை அளந்தார்கள். 4 சென்ரிமீற்றர். இன்று காலை 5. திகதியோடு எழுதி, கிராம உத்தியோகத்தரிடம் கடிதமாகக் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். மேட்டுக்குக் கீழே இருக்கிற குடும்பங்கள் இன்றிரவு பாடசாலை மண்டபத்தில் படுக்கிறார்கள். பாய், போர்வை, பால்மா கொடுக்கக்கூடியவர்கள் மஃரிபுக்கு முன் கொண்டு வாருங்கள்.