உள்ளது உள்ளபடி ஒரு விண்ணப்பம்

முந்தின வருஷம் ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலை, கொட்டுகிற மழையில், என் தங்கையின் மகள் மாயவரத்திலிருந்து வந்து இறங்கினாள். தோளில் ஒரு பை; பைக்குள் கணிப்பொறி; முகத்தில் கவலை. காப்பியைக் கையில் வாங்கிக் கொண்டதுமே, "மாமா! அமெரிக்காவில் நாலைந்து சர்வகலாசாலைகளுக்கு விண்ணப்பம் போடப் போகிறேன். நீங்கள்தான் பத்திரிகையில் எழுதுகிறவர் ஆயிற்றே. என் கட்டுரையைக் கொஞ்சம் பார்த்துக் கொடுக்க வேண்டும்" என்றாள்.

பத்திரிகையில் எழுதுகிறவனுக்குக் கல்யாணப் பத்திரிகை முதல் கோர்ட்டு மனு வரையில் எல்லாம் எழுத வரும் என்பது நமது குடும்பங்களில் வேரூன்றிய நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன் என்று மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு உட்கார்ந்தேன்.

கட்டுரையின் முதல் வாக்கியம் இதுதான்: சிறு வயது முதலே நீரியல் விஞ்ஞானத்தின் மீது எனக்கு அணையாத ஆர்வம் இருந்து வந்திருக்கிறது.

"குழந்தாய், சிறு வயதில் நீ கிணற்றை எட்டிப் பார்த்தாய் என்பதும், அதற்காக உன் தாயார் உன் முதுகில் இரண்டு வைத்தாள் என்பதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. விஞ்ஞானத்தின் மீது ஆர்வம் இருந்ததாக ஞாபகமில்லையே!" என்றேன்.

அவள் சிரித்து விட்டாள். பிறகு உண்மையைச் சொன்னாள். பாதிக் கட்டுரை, கேட்டதை எழுதிக் கொடுக்கும் இக்காலத்து யந்திரத்தினுடைய கைவண்ணமாம். மீதிப் பாதி, கடைவீதியில் விளம்பரப் பலகை மாட்டியிருக்கும் ஒரு 'வெளிநாட்டுக் கல்வி ஆலோசகர்' கொடுத்த மாதிரியாம். இரண்டிலும் எழுத்துப் பிழை இல்லை. என் மருமகளும் இல்லை!

இந்த விண்ணப்பத்தை யார் படிக்கிறார்கள் என்பதை நம்மவர்களில் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. ஏதோ ஒரு காரியாலயத்தில் ஒரு குமாஸ்தா மார்க்கைக் கூட்டிப் பார்த்து வரிசைப்படுத்துவார் என்று எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் டாக்டர் பட்டத்துக்கு ஆள் எடுக்கிறவர்கள், அந்தந்த இலாகாவின் பேராசிரியர்களே. டிஸம்பரிலும் ஜனவரியிலும் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களை வைத்துக் கொண்டு, விரல்விட்டு எண்ணக் கூடிய சில இடங்களுக்கு ஆள் தேடுகிறார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: ஐந்தாறு வருஷம் நம் பக்கத்தில் உட்கார்ந்து, விடை தெரியாத ஒரு கேள்வியோடு இந்தப் பெண் மல்லுக்கு நிற்பாளா, மாட்டாளா? அணையாத ஆர்வம் அதற்குப் பதிலாகுமா? அது எல்லா விண்ணப்பத்திலும்தான் அணையாமல் எரிந்து கொண்டிருக்கிறது.

நம் நாட்டிலிருந்து போன விண்ணப்பங்களிலெல்லாம் பெயர் பெற்றது ஒன்று உண்டு. 1913-ஆம் வருஷம் ஜனவரி 16-ஆம் தேதி சென்னைத் துறைமுகக் காரியாலயத்தின் கணக்குப் பிரிவுக் குமாஸ்தா ஒருவர், கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்னும் கணித மேதைக்கு எழுதிய கடிதம் அது. ஸ்ரீநிவாஸ ராமானுஜன் அந்தக் கடிதத்தில் என்ன எழுதினார்? தாம் இன்ன காரியாலயத்தில் வருஷத்துக்கு இருபது பவுன் சம்பளத்தில் குமாஸ்தா என்றார். சர்வகலாசாலைப் படிப்புப் படித்தவரல்ல என்றார். ஏழை என்பதை மறைக்கவில்லை, அதைச் சொல்லி அழவும் இல்லை. அதற்குப் பிறகு பக்கம் பக்கமாகத் தாம் கண்டுபிடித்த கணித முடிபுகளை வரிசையாக எழுதி வைத்தார். அதற்கு முன்னால் கேம்பிரிட்ஜில் வேறு இரண்டு பேராசிரியர்களிடம் எழுதிப் பார்த்துப் பயன் கிட்டாமல் போனதும் சரித்திரம். ஹார்டி மட்டும் தம் நண்பர் லிட்டில்வுட்டையும் கூட்டிக் கொண்டு அந்தக் காகிதங்களோடு உட்கார்ந்தார். பிறகு அவர் எழுதிய பதிலில் முக்கியமாகக் கேட்டது, "நிரூபணம் எங்கே?" என்பதைத்தான்.

ராமானுஜன் ஒருவர்தான், அவரைப் போல் எல்லோரும் ஆகிவிட முடியாது. ஆனால் தன்னைப் பற்றி இரண்டு வரி, செய்த காரியத்தைப் பற்றிப் பல பக்கம் என்ற அந்த அளவு எல்லோருக்கும் பொருந்தும்.

"சரி, நீ என்ன செய்தாய்? அதைச் சொல்" என்றேன்.

சொன்னாள். எம்.இ. படிப்புக்காகத் தரங்கம்பாடிக் கரையிலிருந்து உள்நோக்கி முப்பத்தாறு கிணறுகளின் உப்பை மழைக்கு முன்னும் பின்னும் அளந்திருக்கிறாள். கடல் நீர் நிலத்தடியில் உள்ளே ஏறி வருகிறது; கடலுக்கு அருகே போகப் போகக் கிணறு கரிக்கிறது. அது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் பதினேழாம் நம்பர்க் கிணறு மட்டும், சுற்றிலும் உள்ள கிணறுகளெல்லாம் வாயில் வைக்க முடியாமல் இருக்கும்போது, நல்ல தண்ணீராகவே இருந்தது. ஏன்? அருகில் ஒரு குளம். அதை ஊரார் சில வருஷத்துக்கு முன் தூர் எடுத்திருக்கிறார்கள். குளத்து நீர் ஊறித்தான் உப்பைத் தள்ளி நிறுத்துகிறதா, அல்லது அடியில் களிமண் படுகை ஏதாவது தடுக்கிறதா? ஒரு குளம் எத்தனை கிணறுகளைக் காப்பாற்றும்? அதைக் கண்டுபிடிக்க அவளிடம் கருவியும் இல்லை, காலமும் இல்லை. பேசும்போது அவள் கண்கள் பளபளத்தன. காப்பி ஆறிப் போயிற்று.

"அடி அசடே! இதைக் கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் அல்லவா ஒளித்து வைத்திருக்கிறாய்? இதிலிருந்தே ஆரம்பி!" என்றேன்.

பதினேழாம் கிணற்றில் தொடங்கிய கட்டுரை இரண்டே பக்கத்தில் முடிந்தது. என்ன செய்தேன், எது புரியவில்லை, அதற்கு விடை தேட உங்கள் இலாகாவில் இன்னின்னாரிடம் ஏன் வர விரும்புகிறேன் என்பதோடு சரி. அந்த 'இன்னின்னாரு'க்காகத்தான் அவள் மூன்று வாரம் கண் விழித்தாள். பேராசிரியர்களின் ஆராய்ச்சிக் கட்டுரைகளை நிஜமாகவே படித்தாள். படித்ததன் பலனாக, பட்டியலில் இருந்த இரண்டு பிரபல சர்வகலாசாலைகளை அடித்து விட்டு, நான் கேள்விப்பட்டே இராத நாலு ஊர்களைச் சேர்த்தாள். மொத்தம் ஏழு ஆயிற்று. கட்டணம் ஓரிடத்தில் எண்பது டாலர், ஓரிடத்தில் நூறு. எல்லாம் சேர்ந்து ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல்! விண்ணப்பித்ததற்கு மட்டும்தான் இவ்வளவு என்று கேட்டதும் என் தங்கை வாயைத் திறந்தவள் மூடவில்லை.

ஆனால் பணத்தைப் பற்றி மாயவரத்தில் இருந்த பெரிய பயம் வேறு. மாப்பிள்ளை பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை அடமானம் வைக்கத் தயாராக இருந்தார். எம்.எஸ். பட்டத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சொந்தப் பணமோ கடனோ கொண்டுதான் படிக்க வேண்டும். விஞ்ஞானத்திலும் பொறியியலிலும் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக் கொள்பவர்களுக்கோ, பாடம் சொல்லிக் கொடுக்கவோ ஆராய்ச்சியில் உதவவோ அமர்த்திக் கொண்டு, சம்பளத்தைத் தள்ளி, உபகாரச் சம்பளமும் கொடுப்பதே அங்கே வழக்கம். இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை வீட்டுப் பத்திரங்கள் பாங்கியில் தூங்குகின்றனவோ!

சில்லறைத் தொந்தரவுகளை விவரித்தால் பக்கம் போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நம் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து நிற்கிறதே, அது அமெரிக்க விண்ணப்பத்துக்குப் புரியாது. முதற்பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று கேட்கும். மார்க்குப் பட்டியலில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஒரு விதம், ஆங்கிலப் பரீட்சைக்குப் பதிவு செய்தது மற்றொரு விதம் என்றால், ஒருத்தியே மூன்று பேராகி விடுவாள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் போடுவதுதான் உத்தமம். மார்க்கையும் அப்படியே, பத்துக்கு இத்தனை என்றால் பத்துக்கு இத்தனை என்றே எழுத வேண்டும். அவர்கள் கேட்காமல் நாமாக நாலுக்கு இத்தனை என்று மாற்றக் கூடாது.

இனி, சிபார்சுக் கடிதம். மூன்று வேண்டும். அவற்றை எழுதுகிறவர்களே நேராக அனுப்ப வேண்டும். அவற்றைப் பார்க்கும் உரிமை எனக்கு வேண்டாம் என்று மாணவர் எழுதிக் கொடுப்பது சம்பிரதாயம். 1974-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் ஒன்று பார்க்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது; அதை விட்டுக் கொடுத்தால்தான் கடிதத்துக்கு மதிப்பு. இவ்வளவு ஏற்பாட்டையும் நம்மூரில் ஒரே வாக்கியத்தில் கவிழ்த்து விடுகிறோம். அவள் போய்க் கேட்ட பேராசிரியர் ஒருவர் – கலாசாலையின் பெயர் வேண்டாம் – "நீயே எழுதிக் கொண்டு வா அம்மா, நான் அனுப்பி விடுகிறேன்" என்றாராம்.

அவர் கெட்டவரல்ல. வேலைப் பளு. ஆனால் நான் இதைத் தயை என்று ஒப்புக் கொள்ள மாட்டேன். மாணவியே தன்னைப் புகழ்ந்து எழுதும் மூன்று கடிதங்களும் ஒரே குரலில் பேசும்; அதற்கு மேல் அது பொய். 1913-ல் ராமானுஜனைப் பற்றிச் சென்னைச் சர்வகலாசாலைக்கு எழுதியவர் வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர். அவர் தாமே அந்தக் கணக்குகளைப் பார்த்தார், தாமே எழுதினார். அந்த வருஷமே மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் ராமானுஜனுக்குக் கிடைத்தது. ஒரு கடிதம் செய்யக் கூடிய காரியம் அது.

என் மருமகள் சண்டை போடவில்லை. ஒரு தாளில் விவரங்களை மட்டும் எழுதினாள்: எந்த வருஷம் அவரிடம் படித்தாள், எந்தக் கிணற்றுக்கு அவர் கூட வந்தார், அளவைகளில் எந்தத் தவறை அவர் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார். "ஐயா, உங்கள் அபிப்பிராயத்தை நீங்கள்தான் எழுத வேண்டும்; ஞாபகத்துக்கு மட்டும் இது" என்று கொடுத்தாள். அவர் தாளைப் பார்த்து விட்டு, "அட, அன்று மழையில் நனைந்தோமே!" என்றாராம். எழுதினார். கடைசி நாளுக்கு முந்தின இரவுதான் அனுப்பினார் என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றிலும் கடுமையான கட்டம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. பி.இ. மூன்றாவது பருவத்தில் அவளுக்குக் கணிதத்தில் ஓர் அரியர். அந்தப் பருவத்தில்தான் மாப்பிள்ளைக்கு இருதய நோய் வந்து, தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரவெல்லாம் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவள் இவள். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதக் கூடாது என்று மாப்பிள்ளை பிடிவாதமாக நின்றார்.

"என் வியாதியை அயல் நாட்டாரிடம் எதற்கு ஒப்பிக்க வேண்டும்? பிச்சை கேட்கிற மாதிரி இருக்கிறது. தேறிய மார்க்குத்தான் இருக்கிறதே, அது போதும்" என்றார்.

"மாப்பிள்ளை, பட்டியலில் தேறிய மாதமும் வருஷமும் அச்சாகியிருக்கின்றன. அவர்கள் பார்ப்பார்கள். காரணம் சொல்லாவிட்டால் தாங்களே ஒரு காரணம் கற்பித்துக் கொள்வார்கள்" என்றேன் நான்.

அவள் இருவர் பேச்சையும் கேட்டுக் கொண்டிருந்தாள். கட்டுரையில் அதைச் சேர்க்கவில்லை. விண்ணப்பத்தில் வேறு ஏதாவது சொல்ல வேண்டுமானால் சொல்க என்று தனியே ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எழுதினாள்: மூன்றாம் பருவத்தில் குடும்பத்தில் ஒருவர் கடுமையாக நோயுற்றிருந்ததால் கணிதத்தில் தவறினேன், அடுத்த பரீட்சையிலேயே தேறினேன், அதன்பின் படித்த மூன்று கணிதப் பாடங்களின் மார்க்கு இவை. அவ்வளவுதான்.

மாப்பிள்ளை அதைப் படித்தார். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டு, "ஒருவர் என்ன ஒருவர்? தகப்பனார் என்றே போடு" என்றார்.

கடைசித் தேதி டிஸம்பர் 15 நள்ளிரவு. அமெரிக்காவின் கீழ்க்கரைக் கணக்கில் அது நமக்கு 16-ஆம் தேதி காலை பத்தரை மணி. மேல்கரையானால் பகல் ஒன்றரை. இந்தக் கணக்கை நம்பிக் கடைசி நிமிஷம் வரையில் இருந்தவர்கள், பாதி ஏறிய காகிதத்தோடு உறைந்து நிற்கும் கணிப்பொறித் திரையைப் பார்த்துக் கண்ணீர் விட்டதுண்டு. இவள் மூன்று நாள் முன்னதாகவே பொத்தானை அமுக்கினாள். அமுக்கிய பிறகு ஒரு சர்வகலாசாலைக்கு எழுதிய கட்டுரையில் இன்னொன்றின் பெயர் இருந்ததைக் கண்டு பிடித்தாள்! அது ஒன்று போயிற்று என்று வைத்துக் கொண்டோம், போகவும் போயிற்று.

பிப்ரவரியில் ஓரிடத்திலிருந்து முகம் பார்த்துப் பேச அழைத்தார்கள். இரவு ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திக் கொண்டு பேசினாள். கதவுக்கு இந்தப் பக்கம் குடும்பமே மூச்சு விடாமல் நின்றது. நாற்பது நிமிஷம். அரியரைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முழுக்க முழுக்கப் பதினேழாம் கிணறுதான்! களிமண் படுகை இருந்தால் எப்படிக் கண்டு பிடிப்பாய் என்று கேட்டார்களாம். தெரியாது என்று சொல்லி விட்டு, தெரிந்து கொள்ள என்ன செய்வேன் என்று சொன்னாளாம்.

ஏழில் ஐந்து இடங்கள் மறுத்தன. ஒன்று பதிலே சொல்லவில்லை. பேசின இடம் மார்ச்சில் உபகாரச் சம்பளத்தோடு ஏற்றுக் கொண்டது. உடனே பதில் சொல்லாவிட்டால் கைவிட்டுப் போய்விடுமோ என்று மாப்பிள்ளை தவித்தார். அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் மிகப் பல தங்களுக்குள் செய்து கொண்ட ஓர் ஒப்பந்தப்படி, உதவிப் பணத்தோடு அழைக்கப்பட்டவர் ஏப்ரல் 15 வரையில் யோசிக்கலாம் என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் கேட்கவில்லை, மறுநாளே சம்மதம் போய்விட்டது.

அவள் ஆகஸ்டில் கப்பல் ஏறினாள் என்று எழுதக் கை வருகிறது, ஆகாய விமானம்தான். போகும்போது உப்பு அளக்கும் கருவியைத் தகப்பனாரிடம் கொடுத்து விட்டுப் போயிருக்கிறாள். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பஸ் ஏறிப் போய், வாளியை இறக்கி, அளந்து, நோட்டுப் புத்தகத்தில் குறித்து, படம் பிடித்து அனுப்புகிறார். வைத்தியர் கூடாது என்று சொன்ன காரியம் அது. சென்ற மாதத்து அளவில் பதினேழாம் கிணறு கொஞ்சம் கரிக்க ஆரம்பித்திருக்கிறதாம். அளந்தது சரிதானா என்று கேட்டு அங்கிருந்து மகள் எழுதியிருக்கிறாள். மறுபடி அளக்க நாளைக் காலை முதல் பஸ்ஸுக்குப் போகிறார்.