‘போர்’ என்று சொன்னால் சிறை: ரஷ்யாவில் பிரசாரம் எப்படி வேலை செய்கிறது?

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. உலகம் அதைப் போர் என்றது. ரஷ்யத் தொலைக்காட்சியோ ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’ என்றது. பேருல என்ன இருக்குன்னு கேட்கலாம். மார்ச் 4-ம் தேதியே பதில் வந்துவிட்டது. ராணுவத்தைப் பற்றிப் ‘பொய்த் தகவல்’ பரப்பினால் 15 ஆண்டுகள் வரை சிறை என்று புதிய சட்டம் சொன்னது. எது பொய் என்று முடிவு செய்வது யார்? அதே அரசுதான்.

இந்த நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை.

முதலில் டிவி

2000 ஆகஸ்ட்டில் ‘குர்ஸ்க்’ நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 118 பேர் இறந்தார்கள். தனியார் சேனல்கள் அதிபர் புதினை வறுத்தெடுத்தன. என்டிவி சேனலில் அவரைக் கிண்டலடிக்கும் பொம்மை நிகழ்ச்சியே ஓடிக்கொண்டிருந்தது. 2001 ஏப்ரலில் அந்த சேனல், அரசின் பிடியில் உள்ள எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் கைக்குப் போனது. சேனலைத் தடை செய்யவே தேவையில்லை. முதலாளியை மாற்றினால் போதும்.

அடுத்து குழப்பம்

2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைன் வானில் மலேசிய விமானம் எம்.எச்.17 சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேர் பலி. அருகில் உக்ரைன் போர் விமானம் பறந்தது என்றது ரஷ்ய ராணுவ அமைச்சகம். அடுத்த ஆண்டு, ரஷ்ய அரசின் ஆயுத நிறுவனமே ‘புக்’ ஏவுகணைதான் தாக்கியது, ஆனால் ஏவியது உக்ரைன் பகுதியிலிருந்து என்றது. இரண்டு கதைகளும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒட்ட வேண்டும் என்ற அவசியமும் இல்லை. ‘யாரைத்தான் நம்புறது?’ என்று மக்கள் சலித்துக்கொண்டாலே வேலை முடிந்தது. சலித்துப்போனவர் கேள்வி கேட்க மாட்டார். ‘புக்’ ஏவப்பட்டது ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகளின் பகுதியிலிருந்துதான் என்று நெதர்லாந்து நீதிமன்றம் 2022 நவம்பரில் தீர்ப்பளித்தபோது எட்டு ஆண்டுகள் ஓடியிருந்தன.

கடைசியில் கைபேசி

2022 மார்ச்சில் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் முடக்கப்பட்டன. ‘எக்கோ ஆஃப் மாஸ்கோ’ வானொலி மூடப்பட்டது. 2025 செப்டம்பர் முதல், விற்பனைக்கு வரும் புதிய போன்களில் அரசு முன்னிறுத்தும் ‘மேக்ஸ்’ செயலி ஏற்கெனவே இருக்க வேண்டும் என்பது விதி. அன்று வரவேற்பறையில் இருந்த டிவி, இன்று சட்டைப் பைக்குள் வந்துவிட்டது.

அப்படியானால் பிரசாரம் ஜெயித்துவிட்டதா?

பலரும் இதைத்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மக்கள் எல்லோரும் ஏமாந்துவிட்டார்கள் என்றால் சட்டம் எதற்கு? மாஸ்கோ நகர்ப்பகுதி ஒன்றின் கவுன்சிலர் அலெக்ஸி கோரினோவ். உக்ரைனில் குழந்தைகள் சாகும்போது இங்கே குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி நடத்துவதா என்று கவுன்சில் கூட்டத்தில் கேட்டார். நடப்பதைப் போர் என்றே சொன்னார். 2022 ஜூலையில் அவருக்கு ஏழு ஆண்டுகள் சிறைத் தண்டனை கிடைத்தது.

ஒரு வார்த்தைக்கு ஏழு ஆண்டுகள் என்றால், அந்த வார்த்தையைப் பார்த்து அரசு எவ்வளவு பயப்படுகிறது என்று பாருங்கள். தன் கதை மீது நம்பிக்கை உள்ள அரசுக்கு ஒரு கவுன்சிலரின் கேள்வி பெரிய விஷயமே இல்லை. எந்த நாடாக இருந்தாலும் சரி, பிரசாரம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: எந்த வார்த்தையைச் சொல்ல மக்கள் தயங்குகிறார்கள் என்று கவனித்தால் போதும்.